வேதசாட்சி தேவசகாயம் பிள்ளை

தமிழகத்தில் வேதத்திற்காக உயிர் ஈந்தவர் யார் என்று கேட்டால், பலரும் முதலில் அருளானந்தரின் பெயரையே கூறுவர். அவர் போர்ச்சுக்கல் நாட்டில் பெருங்குடியிற் பிறந்தவர். சேசு சபைக் குருவாகி, கடல் கடந்து வந்து, மறவர் நாட்டு ஓரியூரில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டுண்டு இறந்தவர். குருவாக வந்தவருக்கு வரக்கூடிய ஆபத்து இன்னதென்பது முன்னரே தெரியும். வீடும் மனைவியும் உறவும் அவருக்கு இல்லை. அவற்றைத் துறந்துதான் அவர் கப்பலேறினார்.

அவர் மறைந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் மற்றொருவர் அதே காரணத்திற்காக உயிர் துறந்தார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார், அரண்மனை உத்தியோகஸ்தர், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்பது அவர் பெயர். தேவசகாயம் பிள்ளை என்றால்தான் ஊரார்க்குத் தெரியும்.

இவருடைய வரலாற்றைப் படிக்கும் மாணவன் முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். இவரைச் சிறையிலிட்டுக் கொல்வித்த அரசு, திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்டவர்மர் அரசு. அதே அரசரின் படைகளைப் பழக்கி நடத்தியவர் ஒரு கத்தோலிக்கர். ஒரு கத்தோலிக்கருக்குக் கோட்டையும் படையும் கொடுத்த அரசர், மற்றொரு கத்தோலிக்கருக்கு எருக்கம்பூ மாலையும் துப்பாக்கிக் குண்டும் கொடுத்தது ஏன்? ‘மதவெறி’ என்று ஒரு சொல்லில் விடை சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அந்த விடை, முதலாமவர் எவ்வாறு மதிப்போடு வாழ்ந்தார் என்பதை விளக்காது.

நாட்டின் நிலையை முதலில் நோக்குவோம். மார்த்தாண்டவர்மர் 1729இல் வேணாட்டின் அரசுரிமை ஏற்றபோது, அரசர் என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் கோயில் நிருவாகத்தினரும் அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொண்டிருந்தனர். அரசர் அவர்களை ஒடுக்கினார். கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கிலிருந்த சிறு நாடுகளை ஒவ்வொன்றாக வென்று சேர்த்தார். அவருக்கு வலக்கையாக விளங்கியவர் இராமய்யன் தளவாய். கல்குளம் என்ற பழம்பெயருடைய பத்மநாபபுரமே அன்று தலைநகர். இன்று தக்கலைக்கு அருகில் நாம் கண்டு வியக்கும் மர அரண்மனை அன்று நாடாளும் இடமாக இருந்தது.

நீலகண்டர் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் பிறந்தார். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. காயங்குளத்தைச் சேர்ந்த அவர் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசை செய்தவர் என்பர். தாயார் தேவகி அம்மை, நாயர் குடும்பத்தவர். தந்தை நம்பூதிரியாயின் மகனும் நம்பூதிரி அல்லவா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். மருமக்கள் வழியில் அவ்வாறு இல்லை. பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர். அவர்களை வளர்ப்பவர் தாய்மாமன். இம்முறை நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் இருபதாம் நூற்றாண்டு வரை நிலவியது. கவிமணியின் மருமக்கள் வழி மான்மியத்தைப் படித்தவர்களுக்கு அதன் கூத்துகள் தெரியும். நீலகண்டரும் மாமன் வீட்டில் வளர்ந்து, கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெற்று, அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்தார். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலிலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மையை மணந்தார். குலம், கோயில், கோமகன் மூன்றும் ஒருங்கே துணைநின்ற வாழ்வு அது.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சற் கடற்கரையில் டச்சுக்காரர் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றனர். மிளகு வாணிகத்தைத் தம் பிடியில் வைத்திருந்த ஒரு ஐரோப்பிய வல்லரசை இந்திய அரசர் ஒருவர் நிலத்தில் முறியடித்தது அந்நாளில் சிறு செய்தியன்று. அன்று சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்தாக்கியுஸ் தெ லனாய். டச்சுக் கம்பெனியில் ஊழியம் பார்த்தாரே ஒழிய, மதத்தால் அவர் கத்தோலிக்கர். அவருடைய திறமையை அரசர் உடனே உணர்ந்தார். சிறைக்கைதி சில ஆண்டுகளில் படைப் பயிற்சியாளரானார், பின்னர்த் தளபதியானார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றனர். புலியூர்க்குறிச்சியில் பழைய மண்கோட்டை இருந்த இடத்தில், குன்று ஒன்றை உள்ளடக்கி உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் எழுப்பியவர் அவரே. அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. அவரும் பிற ஐரோப்பியரும் வழிபடக் கோவில் ஒன்றும் இருந்தது. கோட்டைக்குள் கத்தோலிக்கக் கோவில் எழ அரசர் தடை சொல்லவில்லை.

அரண்மனைப் பணியின் காரணமாக நீலகண்டரும் லனாயும் பழகலாயினர். அந்நாளில் நீலகண்டருக்குக் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, பொருள் குறைந்தது. தெய்வ கோபமோ என்று மனம் உடைந்திருந்தவரிடம், எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை விடாத யோபு என்பவரின் வரலாற்றை லனாய் எடுத்துரைத்தார் என்று மரபு கூறுகிறது. இதனை நான் நம்பத்தக்கதென்றே கொள்கிறேன். வாதத்தால் மதம் மாறியவர் சிலர். ஆதாயத்தால் மாறியவர் சிலர். துன்பத்தில் ஒரு நண்பன் சொன்ன கதையால் மாறியவர் பலர்.

மாற விரும்பியவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பார் யார்? கடற்கரையெங்கும் கிறித்தவர்கள் இருந்தனர். 1544இல் சவேரியார் இக்கரையில் ஆயிரக்கணக்கான மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த நாள் தொட்டு அவர்கள் இருந்துவந்தனர். கோட்டாற்றிலும் கோவில் இருந்தது. எனினும் அரண்மனையாள் ஒருவருக்கு இராச்சியத்தின் உள்ளேயே திருமுழுக்குக் கொடுப்பது குருவுக்கும் கிறித்தவ ஊர்களுக்கும் ஆபத்து. ஆகவே லனாய் அவரை எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த சேசு சபைக் குரு புத்தாரி, இத்தாலி நாட்டவர்.

நீலகண்டர் சென்ற திசையை மாணவர்கள் நிலப்படத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து, காற்றுக்கும் படைக்கும் வண்டிக்கும் வழிவிடும் இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்கே மலையாள மன்னரின் ஆட்சி. கிழக்கே பாண்டி நாட்டுச் செம்மண் நிலம். அந்தக் கணவாய்க்கு அப்பால் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பின்விளைவுகளைக் குரு முன்னரே எடுத்துச் சொல்லி, அவருடைய உறுதியைச் சோதித்த பின்னரே இசைந்தார் என்பர். விவிலியத்து லாசர் என்னும் பெயருக்கு ‘இறைவன் உதவினான்’ என்பது பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்று சூட்டினர். பின்னர் அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்ற பெயரை அந்நாளையக் குருமார் அவ்வாறு தமிழாக்கியிருந்தனர்.

ஞானஸ்நானம் 1745இல், கைது 1749 பிப்ரவரி 23இல். இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். மதம் மாறியதே குற்றமாயின், நான்காண்டு காத்திருந்தது எதற்காக? என் கருத்தில் முடிச்சின் நுனி இங்கேதான் கிடைக்கிறது.

அந்த நான்காண்டுகளில் தேவசகாயம் தம் விசுவாசத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பிறரிடம் பேசினார், பேசியபடி நடந்தார். தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து உறவாடினார். சாதி வேற்றுமையின்றி எல்லாரும் சமமானவர் என்று வலியுறுத்தினார். அன்றைய திருவிதாங்கூரில் ஒரு சாதியார் மற்றொரு சாதியாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கும் அளவு இருந்தது. கடற்கரை மீனவர் கிறித்தவராக இருந்ததால் அந்த அளவு மாறிவிடவில்லை. லனாய் கத்தோலிக்கராக இருந்ததாலும் மாறவில்லை. அவர் அயலார், சாதி ஏணியின் எந்தப் படியிலும் நிற்காதவர். மேற்படியில் நின்ற ஒருவர், அதுவும் கோயிலிலும் அரண்மனையிலும் புழங்கியவர், தாமாகவே கீழிறங்கி வந்து கீழ்ப்படியில் இருந்தவரோடு அமர்ந்ததுதான் மேலோர்க்குப் பொறுக்கவில்லை. மற்றவர்களின் மதம் அந்த ஏணியை அசைக்கவில்லை. இவருடைய நடத்தை அசைத்தது.

அரசியற் காரணமும் ஒன்று சேர்ந்துகொண்டது. தேவசகாயம் விலங்கோடு இருந்த அதே காலத்தில், 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மர் தம் வாளை ஸ்ரீபத்மநாபசுவாமியின் திருப்படியில் வைத்து இராச்சியம் முழுவதையும் அப்பெருமானுக்கே அர்ப்பணம் செய்தார். திருப்படித்தானம் என்று அதனைச் சொல்வர். அன்றுமுதல் அரசர் ‘பத்மநாபதாசர்’. பெருமானின் ஊழியராக நின்று நாட்டை ஆள்பவர். புதிதாக வென்ற நாடுகளையும் பழைய பகைகளையும் ஒரே பிடியில் நிறுத்த இதனினும் சிறந்த உபாயம் இல்லை. ஆனால் நாடே கோயிலுடைமையான பின்னர், கோயில் சடங்கை விட்டு விலகிய அரண்மனையாள் வெறும் மதம் மாறியவராகத் தோன்றுவாரா? அரசின் அடிப்படையையே மறுப்பவராகத் தோன்றுவார். அர்ப்பணத்திற்கு முன்னரே இவர் கைதாகிவிட்டார் என்பது உண்மை. எனினும் அந்த எண்ணப்போக்கு அதற்குள் உருவாகியிருந்தது என்று கருதுவதில் தவறில்லை.

கைதான பின் மூன்று ஆண்டுகள் அவர் பட்டவற்றை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. ஒன்றிரண்டு சொன்னால் போதும். கைகளைப் பின்னே கட்டி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மீது பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். உள்ளங்காலில் அடித்தனர், புண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்தனர். இந்தத் தண்டனைகளின் பொருளைக் கவனியுங்கள். அடி உடலுக்கு, எருமை குலப்பெருமைக்கு. மாடம்பி மரபில் வந்தவரை எல்லாச் சாதியாரும் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை. வேடிக்கை பார்க்க வந்தோர் ஆசி கேட்கத் தொடங்கினர்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது அவர் முழங்கையால் பாறையில் இடிக்க நீர் சுரந்தது என்று மக்கள் சொல்லுவர். முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடம் இன்றும் வழங்குகிறது. பெருவிளையில் மாதக்கணக்கில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தனர். வெயிலும் மழையும் அந்த மரத்தடியிலேயே. பாறையில் நீர் வந்ததா என்பதைத் தீர்மானிப்பது வரலாற்றாசிரியர் வேலையன்று. ஆனால் இந்த ஊர்ப்பெயர்களும் பாறைப்பெயர்களும் அவர் இழுத்துச் செல்லப்பட்ட பாதையை ஏடு எழுதாத மக்கள் எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றன. அந்த வகையில் அவையும் ஆவணங்களே.

புலியூர்க்குறிச்சி என்றேன். உதயகிரிக் கோட்டை நிற்கும் ஊரும் அதுவே. அடிபட்ட மனிதர் தாகத்தால் தவித்த இடத்திலிருந்து, அவருக்கு யோபுவின் கதையைச் சொன்ன நண்பரின் கோட்டை கூப்பிடு தூரம். வலிய கப்பித்தான் தம் பதவியில் தொடர்ந்தார். 1777இல் இறக்கும் வரை அரசரின் சேவகராகவே இருந்தார். அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். சிறைக்கைதியாக வந்தவர்; அரசரின் தயவில் வாழ்ந்தவர். ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளில் அவர் உறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று உதயகிரிக் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் எண்ணியிருக்கிறேன்.

இறுதியில் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய் எல்லையில் வைத்தனர். ஞானஸ்நானத்திற்காக அவர் கடந்துசென்ற அதே கணவாய். அங்கும் மக்கள் திரள் ஓயவில்லை. திரும்பவும் பழைய நெறிக்கு வந்தால் பதவியும் பொருளும் கிடைக்கும் என்ற வாக்கு மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது, அவர் ஏற்கவில்லை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இரவு சேவகர் அவரைக் காற்றாடிமலைக்கு அழைத்துச் சென்றனர். சிறிது நேரம் செபம் செய்ய இடம் கேட்டார், கொடுத்தனர். பின்னர்ச் சுட்டனர். ஐந்து குண்டுகள் என்பது மரபு. நாற்பது வயது நிறைய இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போயினர். சில நாள் கழித்துக் கிறித்தவர்கள் எஞ்சிய எலும்புகளைத் திரட்டிக் கொண்டுவந்து கோட்டாறு சவேரியார் கோவிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மையார் வடக்கன்குளம் சென்று, அங்கேயே வாழ்ந்து மறைந்தார்.

இவ்வரலாற்றை ஏற்காதவர்களும் உண்டு. திருவிதாங்கூர் அரசர்கள் மதத்திற்காக எவரையும் கொன்றதில்லை என்பது ஒரு சாரார் வாதம். அரசாங்க இரகசியத்தை வெளியிட்ட குற்றத்திற்காகவோ கருவூலக் குற்றத்திற்காகவோ தண்டிக்கப்பட்டார் என்பர் வேறு சிலர். இவ்வாதங்களைக் கேட்டதும் சினம் கொள்வது மாணவனுக்கு அழகன்று. சான்றைத் தேடுவதே அழகு. கொச்சி மேற்றிராணியாராயிருந்த கிளெமென்ஸ் ஜோசப், 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணத்தைக் குறிப்பிட்டார். நிகழ்ச்சி நடந்து நான்கே ஆண்டு. கண்டவர்கள் உயிரோடிருந்த காலம். 1780இல், கேரளத்திலிருந்து உரோமைக்குச் சென்றிருந்த கரியாட்டில் யோசேப்புக் கத்தனார், இவரைப் புனிதராக உயர்த்தவேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார். 1903இல் வெளிவந்த அகுர் என்பவரின் திருவிதாங்கூர்ச் சபை வரலாறும் இவர் கதையை விரித்துரைக்கிறது. அதை எழுதியவர் கத்தோலிக்கர் அல்லர். அரசுத் துரோகிக்குத் தண்டனை கொடுப்பதாயின் மூன்றாண்டு ஊர்வலம் எதற்கு, மனம் மாறினால் பதவி தருவோம் என்ற பேரம் எதற்கு என்ற கேள்விகளும் நிற்கின்றன. மார்த்தாண்டவர்மர் பெருவீரர், நாட்டை ஆக்கியவர் என்பதை இது குறைக்காது. ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளாதவர்க்கு வரலாறு வாராது.

எழுத்தறியாதவரிடையே இவர் வரலாற்றைப் பரப்பியது நாடகமும் கூத்துமே. நாஞ்சில் நாட்டில் மட்டுமன்று. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களிலும் தேவசகாயம் பிள்ளை கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. நீலகண்டன், பார்கவி, இராமய்யன் ஆகிய பெயர்கள் அவ்வூர்ச் சிறுவர்க்கும் பாடமாயிருந்தன.

ஒரு செய்தியை ஒளியாமல் சொல்லவேண்டும். சாதி வேற்றுமை இல்லை என்று சொன்னதற்காக ஒருவர் உயிர் கொடுத்தார் அல்லவா? அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோவில் இரு பகுதியாகக் கட்டப்பட்டு, நடுவே ஒரு சுவர் நின்றது. ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றவர். பீடம் மட்டும் இருவருக்கும் பொது. அந்தச் சுவர் 1910ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதற்காக நெடுநாள் வழக்கும் சச்சரவும் நடந்தன.

உரோமையின் தீர்ப்பு வரப் பல்லாண்டு ஆயிற்று. 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ், உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில், அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவிற் பிறந்த பொதுநிலையினர் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன்னே, 2020இல், பெயரைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. சாதியைத் துறந்தவரின் பெயரோடு ‘பிள்ளை’ என்ற சாதிப்பட்டம் ஏன் ஒட்டியிருக்கவேண்டும் என்று சிலர் எழுதிக் கேட்டனர். வத்திக்கான் அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டு அந்தச் சொல்லை நீக்கியது. நாங்கள் பள்ளியிற் படித்த காலந்தொட்டுச் சொல்லிப் பழகிய பெயராதலின் இவ்வுரையின் தலைப்பில் அதனை விட்டுவைத்திருக்கிறேன். உரோமையின் புனிதர் பட்டியலில் அது இல்லை. அங்கே அவர் தேவசகாயம் மட்டுமே. வடக்கன்குளத்தில் புத்தாரி சூட்டிய பெயர்.